கல்லிலும் இலையிலும் ஒளி கண்டவர்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிக் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயிலில் சாளரத்தின் அருகே அமர்ந்து செல்வோர்க்கு ஓர் அரிய காட்சி புலனாகும். எண்ணூரைக் கடந்து அத்திப்பட்டை அணுகுங்கால், வடசென்னை அனல்மின் நிலையத்தின் நெடிய புகைபோக்கிகள் வானளாவி நிற்கும். மீஞ்சூரையும் பொன்னேரியையும் தாண்டிச் செல்லும்போது, பசும்பட்டு விரித்தாற்போல நெல் வயல்கள் கண்ணுக்கு விருந்தளிக்கும். இறுதியாகக் கும்மிடிப்பூண்டியின் தொழிற்பேட்டை தோன்றும். இந்நாளில் தொழிற்கூடங்களின் கூரைகள் மீதும் வீட்டு மாடிகள் மீதும் வெயிலை ஏந்தி மின்சாரமாக மாற்றும் சூரியத் தகடுகள் இடம்பெற்று வருகின்றன.

புகைபோக்கி, வயல், தகடு ஆகிய இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். ஆயினும் இம்மூன்றிற்கும் ஆற்றல் வழங்குபவன் கதிரவன் ஒருவனே. அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரி, பல கோடி ஆண்டுகட்கு முன் கதிரொளியை உண்டு வளர்ந்து மண்ணுள் புதையுண்ட மரஞ்செடிகளின் எச்சமாகும். வயலில் உள்ள நெற்பயிர் இன்றைய வெயிலைக்கொண்டு உணவு சமைக்கின்றது. சூரியத் தகடோ அதே வெயிலைக்கொண்டு மின்சாரம் தருகின்றது. இலை உயிருள்ளது, தகடு உயிரற்ற கனிமத்தால் ஆயது. இலையின் தொழிலையும் கனிமத்தின் தொழிலையும் ஒன்றாக இணைத்தல் கூடுமோ என்பது இன்றைய அறிவியலறிஞர் பலர் ஆராயும் வினாவாகும். ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே, கனிமத்தின் மேல் ஒளி விழுந்தால் யாது நிகழும், இலையின் மேல் ஒளி விழுந்தால் யாது நிகழும் என்ற இரு வினாக்களையும் தம் வாழ்நாளில் தாமே எழுப்பி, அவற்றிற்கு விடை காண முயன்றார் ஓர் இந்தியர். அவரே ஜகதீச சந்திர போஸ்.

ஜகதீசர் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் வங்க நாட்டில் பிறந்தார். அவர்தம் தந்தையார் பகவான் சந்திர போஸ், அரசாங்கத்தில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். உயர்ந்த பதவியில் இருந்தோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புதலே பெருமை எனக் கருதிய காலம் அது. ஆனால் பகவான் சந்திரர் தம் மைந்தனைத் தாய்மொழிப் பள்ளியிலேயே முதலில் சேர்த்தார். தாய்மொழியை நன்கு உணர்ந்த பின்னரே அயல்மொழி பயிலுதல் வேண்டும் என்பதும், தம் நாட்டு மக்களோடு கலந்து பழகுதல் வேண்டும் என்பதும் அவர் கொள்கைகளாம். அப்பள்ளியில் ஜகதீசரின் ஒருபுறம் தந்தையின் ஏவலரான முஸ்லிம் ஒருவரின் மகனும், மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் ஆகியவற்றைப்பற்றி அச்சிறுவர்கள் கூறிய கதைகளை ஜகதீசர் வியப்புடன் கேட்டார். இயற்கையை ஆராயவேண்டும் என்னும் வேட்கைக்கு வித்திட்டவை அக்கதைகளே என்று பிற்காலத்தில் அவரே நன்றியுடன் நினைவு கூர்ந்தார்.

தந்தையார் இரக்கம் மிக்கவர். பர்துவான் பகுதியில் கொடிய காய்ச்சல் பரவிப் பலர் மாண்டபோது, பெற்றோரை இழந்த சிறுவர்கட்குத் தொழில் பயிற்றுவிக்கும் பொருட்டுத் தம் இல்லத்தையே தொழிற்கூடமாக்கினார். தச்சு வேலையும் உலோக வேலையும் அங்கு நடைபெற்றன. கையால் ஒரு கருவியைச் செய்து பார்க்கும் இன்பத்தை ஜகதீசர் அங்கேதான் கண்டார். ஆயினும், பிறர் நலம் கருதித் தந்தையார் மேற்கொண்ட முயற்சிகள் பல பொருளிழப்பில் முடிந்தன. குடும்பம் கடனில் மூழ்கியது.

கல்கத்தாவில் தூய சேவியர் கல்லூரியில் பயின்ற ஜகதீசர், 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்றார். முதலில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். ஆனால் முன்னரே அவரைப் பற்றியிருந்த காய்ச்சல் அங்கும் விடாது வருத்தியது. பிணங்களை அறுத்து ஆராயும் அறையின் நாற்றம் அந்நோயை மிகுவித்தது. ஆதலின் அவர் மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்றார். பௌதிகப் பேரறிஞர் ராலே பிரபு ஆங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். பௌதிகத்தோடு தாவர நூலையும் அவர் ஆங்குக் கற்றார். இவ்விரு கல்வியும் பின்னாளில் அவர் உள்ளத்தில் ஒன்று கலந்தன.

1885ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய போஸ், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். அந்நாளில் ஆங்கிலேயப் பேராசிரியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியர்க்கு வழங்கப்பட்டது. போஸின் பதவி தற்காலிகமானது என்று கூறி அதிலும் பாதியைக் குறைத்தனர். செய்யும் தொழில் ஒன்றாயிருக்க, நிறத்தையும் பிறப்பையும் கருதிக் கூலியைக் குறைப்பது முறையன்று எனப் போஸ் துணிந்தார். அதற்காக அவர் தம் பணியை விட்டு விலகவில்லை. வகுப்பிற்கு வாராது இருந்ததும் இல்லை. நாள்தோறும் செவ்வனே பாடம் நடத்தினார். ஆனால் ஊதியத்தைமட்டும் தொட மறுத்தார். இல்லத்திலோ கடன் சுமை. அந்நிலையிலும் மூன்று ஆண்டுகள் ஒரு காசும் பெறாது உழைத்தார். இறுதியில் அறம் வென்றது. அரசாங்கம் அவர் பதவியை நிலையானதாக்கி, முழு ஊதியத்தையும் கழிந்த ஆண்டுகட்கும் சேர்த்து வழங்கியது. அப்பொருள் தந்தையின் கடனைத் தீர்க்க உதவிற்று.

இத்துன்பக் காலத்தில் அவருக்குத் துணை நின்றவர் அவர் மனைவியார் அபலா அம்மையார். அவ்வம்மையாருக்கு நம் சென்னையோடு தொடர்பு உண்டு. பெண்கள் மருத்துவம் பயிலுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், அவர் வங்கத்திலிருந்து சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். உடல்நலக் குறைவால் படிப்பைத் தொடர இயலவில்லை. 1887ஆம் ஆண்டில் போஸை மணந்த அவர், பின்னர்ப் பெண் கல்விக்காகப் பெரிதும் உழைத்தார்.

கல்லூரியில் ஆராய்ச்சிக்கு ஏற்ற வசதி ஏதும் இல்லை. பாடம் நடத்திய நேரம் போக எஞ்சிய பொழுதில், ஒரு சிறு அறையில், உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவரின் உதவிகொண்டு போஸ் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே அமைத்தார். கண்ணுக்குப் புலனாகாத மின்னலைகளை ஆராய்ந்து, மில்லிமீட்டர்க் கணக்கில் அளக்கத்தக்க மிகக் குறுகிய அலைகளை உண்டாக்கினார். 1895ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில், அவ்வலைகள் சுவர்களை ஊடுருவிச் சென்று அப்பாலிருந்த மணியை ஒலிப்பித்ததையும் வெடிமருந்தை வெடிக்கச் செய்ததையும் மக்கள் கண்டு வியந்தனர்.

அலையை உண்டாக்கினால் மட்டும் போதாது. வரும் அலையை உணர்ந்து காட்டும் கருவியும் வேண்டுமன்றோ? அதற்காகப் போஸ் பல பொருள்களைச் சோதித்தார். அவற்றுள் ஒன்று கலீனா. காரீயமும் கந்தகமும் கூடி ஆகிய இத்தாது, கறுத்துப் பளபளக்கும் கல் போன்றது. இக்கல்லின் மேல் உலோக முனை ஒன்றை மெல்லத் தொடுமாறு வைத்து, அதனூடே மின்னோட்டம் செலுத்தினார். மின்னலை வந்து தாக்கியபோது மின்னோட்டம் மாறியது. அளக்கும் கருவியின் முள் அசைந்தது. மின்னலைக்கு மட்டும் அன்று, கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கும் அக்கல் அவ்வாறே இசைந்தது. ஆகவே அதனைச் செயற்கைக் கண் எனக் கொண்டார் போஸ். நம் கண் காணும் ஒளியோடு, நம் கண் காணாத கதிர்களையும் உணரவல்லதாய் அக்கண் விளங்கியது.

அறிவு உலகத்தாரின் பொதுவுடைமை, அதனை விலைப்பொருளாக்குதல் தகாது என்பது போஸின் உறுதி. நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி, 1901ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அக்கருவிக்கு உரிமை கோரி விண்ணப்பம் செய்யப்பட்டது. 1904ஆம் ஆண்டில் உரிமை வழங்கப்பட்டது. ஆயினும் அவர் அதனால் பொருள் ஈட்ட முற்படவில்லை. கலீனா போன்ற பொருள்களை இக்காலத்தார் குறைகடத்திகள் என்பர். இன்றைய சூரியத் தகடும், கணிப்பொறியும், கைப்பேசியும் குறைகடத்திகளால் ஆனவையே. 1954ஆம் ஆண்டில், கதிரொளியை மின்சாரமாக மாற்றிப் பயன் தரத்தக்க சிலிக்கன் மின்கலத்தை அமெரிக்க நாட்டில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் மூவர் ஆக்கினர். அவருள் ஒருவர் பியர்சன் என்பவர். அவரே அடுத்த ஆண்டில் பிராட்டன் என்னும் அறிஞருடன் கூடிக் குறைகடத்திகளின் வரலாற்றை எழுதியபோது, மின்னலைகளை உணரக் குறைகடத்திப் படிகத்தை முதலிற் பயன்படுத்திய சிறப்பைப் போஸுக்கே உரியதாக்கினார். அப்போது போஸ் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி, கல்லை ஆராய்ந்த போஸ் இலையை ஆராயப் புகுந்த வரலாற்றைக் காண்போம். மின்னலையை உணரும் கருவிகள் ஓயாது பயன்படுத்தப்பட்டால் உணர்வு மங்குவதையும், சிறிது ஓய்வு கொடுத்தால் மீண்டும் தெளிவு பெறுவதையும் அவர் கண்டார். களைத்த மனிதனும் உறங்கி எழுந்தால் புத்துணர்வு கொள்கின்றான் அல்லனோ? உயிரற்ற பொருளிலும் உயிருள்ள பொருளிலும் இவ்வொற்றுமை காணப்படுமாயின், இவற்றிற்கு இடையே நிற்கும் செடியின் நிலை யாது என அவர் எண்ணினார். செடியைத் தீண்டினாலும், சூடு காட்டினாலும், நஞ்சு ஊட்டினாலும் அதனுள் எழும் மின் மாற்றங்களை நுண்கருவிகள் கொண்டு அளந்தார்.

தமிழர்க்கு இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தது தொல்காப்பியம். படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்தான் பாரி வள்ளல். ஆனால் உணர்ந்து போற்றுதல் வேறு. அளந்து மெய்ப்பித்தல் வேறு. போஸ் இரண்டாவது வழியை மேற்கொண்டார்.

அவ்வழியோ முள் நிறைந்தது. 1901ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கத்தில் அவர் தம் முடிவுகளை விளக்கியபோது, உடலியல் அறிஞர் சிலர் கடுமையாக மறுத்தனர். பௌதிக ஆசிரியர் பௌதிகத்தோடு நிற்பதே தகும் என்பது அவர்தம் கருத்து. கட்டுரையின் தலைப்பையேனும் மாற்றும்படி கூறினர். ஆய்வில் கண்ட உண்மையைப் பிறர் மனம் கோணாமைக்காக மாற்ற இயலாது என்று போஸ் மறுத்தார். கட்டுரை அச்சேறாது பெட்டகத்துள் வைக்கப்பட்டது. அவர் மனம் தளர்ந்து ஊர் திரும்பினாரல்லர். ஆங்கேயே தங்கி, ஆய்வுகளை மீண்டும் செய்து காட்டினார். மறு ஆண்டில் லின்னேயச் சங்கம் அவர் ஆய்வை ஏற்று வெளியிட்டது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1920ஆம் ஆண்டில், முன்னர் அவர் கட்டுரையை ஒதுக்கிய அதே இராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கிக் கொண்டது.

1917ஆம் ஆண்டில், தம் பிறந்த நாளாகிய நவம்பர் 30ஆம் நாள், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை அவர் நிறுவினார். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஆய்விலிருந்து ஓய்வு பெறவில்லை. அந்நிலையத்தில் அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று ஒளிச்சேர்க்கை. இலைகளில் உள்ள பச்சையம் கதிரொளியைப் பற்றிக்கொள்ள, செடியானது நீரையும் கரியமில வாயுவையும் கொண்டு உணவைச் சமைக்கின்றது, பிராணவாயுவை வெளிவிடுகின்றது. இத்தொழில் எவ்வளவு விரைவாக நிகழ்கின்றது என்பதை எவ்வாறு அளப்பது?

பள்ளி ஆய்வுக்கூடத்தில், குளத்தில் வளரும் ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியைப் புனலால் மூடி வெயிலில் வைத்தால், குமிழிகள் ஒவ்வொன்றாய் மேலெழுவதை மாணவர் கண்டிருப்பர். அக்குமிழிகளைக் கண்ணால் எண்ணுவதில் பிழைகள் நேரும். குமிழிகள் ஓரளவினவாய் இரா. எண்ணுவோர் கண்ணும் சோர்ந்துவிடும். போஸ் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். கரியமில வாயு கலந்த நீரில் ஹைட்ரில்லாவை இட்டுக் கலத்தை மூடி, வாயு வெளிச்செல்லும் வாயிலில் ஒரு துளி பாதரசத்தை அடைப்பாக வைத்தார். உள்ளே சேரும் பிராணவாயு குறிப்பிட்ட அளவு பெருகியதும் பாதரசத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு குமிழியாய் வெளியேறும். அக்கணத்தில் மின்சுற்று இணையும்; சுழலும் உருளையின் மேல் ஒரு புள்ளி விழும். ஒளி மிகுந்தால் புள்ளிகள் நெருங்கும். ஒளி குறைந்தால் புள்ளிகள் விலகும். இவ்வாறு செடி தன் தொழிலின் கணக்கைத் தானே எழுதலாயிற்று. செடி பெற்ற ஒளியாற்றலில் எத்துணைப் பங்கு உணவாகச் சேமிக்கப்படுகின்றது என்பதையும் போஸ் கணக்கிட்டார். இவ்வாய்வுகளைத் தொகுத்து 1924ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

அந்நூலில் கண்ட ஒரு செய்தி தனிச்சிறப்பு வாய்ந்தது. கோடையில் வளரும் ஹைட்ரில்லாவில் மாலிக் அமிலம் என்னும் புளிப்புப் பொருள் இருப்பதையும், ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கரியை அதிலிருந்தும் அச்செடி பெறுவதையும் போஸ் குறித்து வைத்தார். அக்காலத்தார் அதன் பெருமையை உணரவில்லை. பிற்காலத்தில், கரும்பு, சோளம் போன்ற பயிர்கள் இத்தகைய அமிலங்களின் வழியாகக் கரியைப் பற்றும் முறை விளங்கியது; ஹைட்ரில்லாவும் வெப்பம் மிக்க காலத்தில் அதனையொத்த வழியை மேற்கொள்கின்றது என அறிஞர் தெளிந்தனர். போஸின் பழைய குறிப்பு அதன் பின்னரே உரிய மதிப்பைப் பெற்றது.

போஸ் கூறியன எல்லாம் அறிவுலகம் ஏற்றுக்கொண்டவை அல்ல. மரத்தினுள் நீர் மேலேறுதல்பற்றி அவர் கொண்ட கொள்கை பிற்கால ஆய்வில் நிலைபெறவில்லை. உலோகத்திற்கும் உயிருக்கும் அவர் கூறிய ஒப்புமையிலும் மிகை உண்டு என்பர். ஆயினும், அளந்தறிந்து சொல்லிய அவர் முறை நிலைத்தது. தவற்றைத் திருத்திக்கொள்ளப் பிறர்க்கு வழிவிடுவதும் அம்முறையின் பெருமையே ஆகும்.

1937ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள், தம் எழுபத்தொன்பதாம் ஆண்டு நிறைவடைய ஒரு வாரமே இருக்கையில், கிரிதி என்னும் ஊரில் போஸ் இயற்கை எய்தினார்.

அவர் தனித்தனியே ஆராய்ந்த கனிமமும் இலையும் இந்நாளில் ஒன்றோடொன்று இணையத் தொடங்கியுள்ளன. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். அத்துணை நுண்ணிய அளவில் ஆக்கப்படும் பொருள்களுக்குப் புதிய பண்புகள் தோன்றுகின்றன. போஸ் கையாண்ட காரீயக் கந்தகப் பொருளையே இவ்வாறு நுண்துகளாக்கிச் சூரிய மின்கலங்களில் பயன்படுத்தி ஆராய்கின்றனர். அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், கரியால் ஆகிய நானோ குழாய்களை இலையின் பசுங்கணிகங்களுள் செலுத்தி, 2014ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். மயிரிழையின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே ஆன அக்குழாய்கள், இலை தானே பற்ற இயலாத ஒளிக்கதிர்களையும் பற்றவல்லன. அவற்றைப் பெற்ற இலையில் ஒளியால் உண்டாகும் மின்னணுக்களின் ஓட்டம் முப்பது விழுக்காடு மிகுந்தது. அதனால் இலை மிகுதியான உணவைச் சமைத்தது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. செடியிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகம் விரைவில் செயலிழந்துவிடும் என்பதும் ஒரு பெருந்தடை. வேலை தொடங்கியுள்ளது, முடியவில்லை.

அதனை முடிக்கவேண்டியவர் யார்? அத்திப்பட்டில் எரியும் நிலக்கரி ஒருநாள் தீரும். அதன் புகையோ காற்றில் தங்கி உலகை வெதுப்பும். வெயில் மட்டும் நமக்குக் குறைவின்றிக் கிடைக்கின்றது. அதனைப் பற்றிக்கொள்ளும் கலையை நெற்பயிர் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றது. நாம் இப்போதுதான் கற்று வருகின்றோம். பொன்னேரி வயலையும் கும்மிடிப்பூண்டித் தொழிற்கூடத்தையும் நாள்தோறும் காணும் மாணவர், இவை இரண்டும் வேறு வேறு உலகங்கள் என எண்ணுதல் வேண்டா. கல்லுக்கும் இலைக்கும் இடையே பிறர் எழுப்பிய சுவரைப் போஸ் பொருட்படுத்தவில்லை. குளத்து நீர்ச்செடி ஒன்றும், ஒரு துளி பாதரசமும், ஓயாத உழைப்பும் அவருக்குப் போதியனவாயிருந்தன. ஆய்வுக்கூடத்தில் அடுத்த முறை குமிழி மேலெழுவதைக் காணும்போது, அதனைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோமாக.